ஒரே கிராஃபீன் மை, மூன்று அடித்தளங்கள்: ஈரப்பதத்துக்கு ஏன் மூன்று விதமாகத் துலங்குகிறது?

கேள்வி
பதிந்தவர்: ஈரக்காற்று

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இருக்கும் மாணவி நான். ஒடுக்கப்பட்ட கிராஃபீன் ஆக்சைடை (கிராஃபீன் என்பது ஓர் அணு தடிமனுள்ள கார்பன் தாள்; அதில் ஆக்சிஜன் சேர்ந்தது ஆக்சைடு; அந்த ஆக்சிஜனில் பெரும்பகுதியை நீக்கியது ஒடுக்கப்பட்ட ஆக்சைடு) நீரில் விரவி மையாக்கி, அதைப் பூசி, விலை மலிவான ஈரப்பத உணரி ஒன்றை உருவாக்குவது என் வேலை. எட்டு மாதங்கள் உழைத்த பிறகும் அடிப்படையான ஒரு கேள்வியிலேயே நின்றுவிட்டதால், அதை இங்கே சற்று விரிவாக வைக்கிறேன்.

ஒரே குடுவையிலிருந்து எடுத்த மையை, ஒரே நாளில், ஒரே தெளிப்பானால் மூன்று பரப்புகளின் மேல் பூசினேன். முதலாவது நுண்ணோக்கிக்குப் பயன்படும் சாதாரணக் கண்ணாடி ஸ்லைடு. இரண்டாவது 125 மைக்ரான் தடிமனுள்ள, பாலிஇமைடு என்ற நெகிழியால் ஆன தாள். மூன்றாவது ஆய்வக வடிதாள். மூன்றிலும் வெள்ளிப் பசையால் ஒரே இடைவெளியில் இரு மின்முனைகள் இட்டு, 60 டிகிரி செல்சியஸில் ஒரே நேரம் உலர்த்தினேன். பிறகு தெவிட்டிய உப்புக் கரைசல்கள் வைத்த மூடிய கலன்களில், 25 டிகிரியில், ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி வைத்து மின்தடையை நேர்மின்னோட்டத்தில் அளந்தேன். லித்தியம் குளோரைடு (ஒப்பு ஈரப்பதம் 11 விழுக்காடு), மக்னீசியம் குளோரைடு (33), மக்னீசியம் நைட்ரேட் (53), சோடியம் குளோரைடு (75), பொட்டாசியம் சல்பேட் (97) ஆகிய ஐந்தும் என் படிகள்.

கண்ணாடி மேல் இருந்த படலத்தின் மின்தடை ஈரப்பதத்தோடு சிறிதளவே உயர்ந்தது. ஒரு நிமிடத்துக்குள் நிலைகொண்டும் விட்டது. பாலிஇமைடு மேல் இருந்ததும் உயர்ந்தது. ஆனால் உயர்வு கூடுதலாக இருந்ததோடு, அரைமணி நேரம் கழித்தும் அளவு நகர்ந்துகொண்டே இருந்தது. வடிதாள் மேல் இருந்ததோ 53 வரை உயர்ந்து, 75இல் இறங்கத் தொடங்கி, 97இல் தொடக்க மதிப்புக்கும் கீழே போய்விட்டது. ஈரப்பதத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு திரும்பியபோது போன வழியில் அது திரும்பி வரவும் இல்லை. இவை போதாதென்று, அமிலத்தில் கழுவிய கண்ணாடி ஸ்லைடுகளில் செய்த ஒரு தொகுதி, கழுவாதவற்றிலிருந்து வேறுபட்டு நின்றது.

என் வழிகாட்டி இந்த வரைபடங்களைப் பார்த்துவிட்டு, "இவற்றுள் கிராஃபீனின் உண்மையான துலங்கல் எது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நீர் மூலக்கூறு மேலிருந்து வந்து கிராஃபீனில் ஒட்டுகிறது, கிராஃபீன் அதை உணர்கிறது, அடித்தளம் வெறும் தாங்கி மட்டுமே என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தில் எங்கே பிழை? மேலும், படலத்தின் பங்கையும் அடித்தளத்தின் பங்கையும் பிரித்துக் காட்ட, பெரிய கருவிகள் இல்லாத ஓர் ஆய்வகத்தில் என்ன செய்ய முடியும்?


பதில் 1
பதிந்தவர்: அறுகோணம்

உங்கள் வழிகாட்டியின் கேள்விக்கு நேர்மையான விடை, "எதுவும் இல்லை" என்பதே. அதை மூன்று வரைபடங்களின் மேல் வைக்கும் விமர்சனமாகக் கொள்ளாதீர்கள். கிராஃபீனின் இயல்பே அப்படிப்பட்டது. உங்கள் மை பல அடுக்குத் துணுக்குகளால் ஆனது என்றாலும், ஒற்றை அடுக்குக் கிராஃபீனில் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குவதே இதைப் புரிந்துகொள்ள எளிய வழி.

மான்செஸ்டர் ஆய்வாளர்கள் 2007இல் கிராஃபீன் மேல் ஒட்டும் வாயுக்களை மின்தடை மூலம் கண்டறிந்து காட்டியபோது, நீராவி எலக்ட்ரான்களைப் பறிக்கும் ஏற்பியாகச் செயல்படுவதாகக் கண்டார்கள். அந்தக் கிராஃபீன் சிலிக்கான் டைஆக்சைடின் மேல் கிடந்தது. அடுத்த ஆண்டிலேயே வெலிங், லிக்டென்ஸ்டைன், கட்ஸ்நெல்சன் ஆகிய மூவரும் அடிப்படைக் குவாண்டம் கணக்கீடுகளைச் செய்து ஒரு முக்கியமான முடிவுக்கு வந்தார்கள்: குறைபாடற்று, எதன்மேலும் படாமல் தனித்து நிற்கும் கிராஃபீன், தன்மேல் அமரும் நீரை ஏறக்குறைய உணர்வதே இல்லை. நீரின் விளைவு தெரிய வேண்டுமானால், கீழே குறைபாடுகள் நிறைந்த சிலிக்கான் டைஆக்சைடு போன்ற ஒரு பரப்பு இருக்க வேண்டும்.

இதன் வழிமுறை அழகானது. நீர் மூலக்கூறுக்கு ஒரு மின் இருமுனைத் திருப்புத்திறன் உண்டு. அது கிராஃபீனுக்கு எலக்ட்ரானைக் கொடுப்பதோ வாங்குவதோ மிகக் குறைவு. ஆனால் அந்த இருமுனை உண்டாக்கும் மின்புலம் ஒரே ஒரு அணு தடிமனுள்ள கிராஃபீனைத் தாண்டிக் கீழே எட்டுகிறது. அங்கே சிலிக்கான் டைஆக்சைடின் குறைபாடுகளுக்குரிய ஆற்றல் மட்டங்கள் கிராஃபீனின் ஃபெர்மி மட்டத்துக்கு (எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் உச்ச ஆற்றல் மட்டத்துக்கு) அருகே இருந்தால், அந்தப் புலம் அவற்றை மேலோ கீழோ நகர்த்திவிடுகிறது. நகர்ந்த மட்டங்கள் கிராஃபீனோடு மின்னூட்டத்தைப் பரிமாறிக்கொள்கின்றன. ஆக, கொடுக்கல் வாங்கல் கிராஃபீனுக்கும் அடித்தளத்துக்கும் இடையே நடக்கிறது. நீர் அதற்கு விசையை அழுத்துகிறது, அவ்வளவுதான். ஸ்டாக்ஹோமின் கே.டி.ஹெச். தொழில்நுட்பக் கழகக் குழு 2015இல் சிலிக்கான் டைஆக்சைடு மேல் வேதி ஆவிப் படிவு முறையில் (வாயுவிலிருந்து படியவைத்து) வளர்த்த கிராஃபீனை வைத்து, 1 முதல் 96 விழுக்காடு வரையான ஒப்பு ஈரப்பதத்தைச் சில நூறு மில்லிநொடிகளில் உணரும் கருவியைக் காட்டியபோதும் இதே விளக்கத்தைத்தான் முன்வைத்தது. நல்ல உணரியாக அமைந்ததற்கு அடித்தளத்தின் "அழுக்கு" காரணம் என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். ஸ்டுட்கார்ட்டின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் 2010இல் சிலிக்கான் டைஆக்சைடு பரப்பை ஹெக்சாமெத்தில்டைசிலசேன் என்ற சேர்மத்தால் நீர்வெறுக்கும் பரப்பாக மாற்றி, அதன்மேல் கிராஃபீனை வைத்தார்கள். திறந்த காற்றிலேயே கிராஃபீனில் தானாக ஏற்படும் மின்துளைச் சேர்க்கை (மின்துளை என்பது எலக்ட்ரான் இல்லாத இடம்; நேர்மின்னூட்டம்போல் நகர்ந்து மின்னோட்டத்தைச் சுமக்கும்) குறைந்தது. கேட் மின்னழுத்தத்தை (ஊர்திகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த வெளியிலிருந்து தரும் மின்னழுத்தத்தை) முன்னும் பின்னும் ஓட்டும்போது, போன வழியில் திரும்பாததால் தோன்றும் தயக்கச் சுழியும் அடங்கியது. கிராஃபீனில் எந்த மாற்றமும் செய்யவில்லை. மாறியது அதன் கீழே இருந்த பரப்பின் சிலனால் தொகுதிகள் மட்டுமே. சிலனால் என்பது சிலிக்கானோடு பிணைந்த ஹைட்ராக்சில் தொகுதி. நீர் அதில் ஹைட்ரஜன் பிணைப்பால் உறுதியாகப் பற்றிக்கொள்கிறது. உங்கள் அமிலக் கழுவலின் புதிருக்கும் இங்கேதான் விடை இருப்பதாக எனக்குப் படுகிறது. சாதாரண ஸ்லைடு சோடா சுண்ணக் கண்ணாடியால் ஆனது. அமிலம் அதன் மேற்பரப்பில் உள்ள சோடியம் அயனிகளை வெளியேற்றி, அந்த இடங்களில் சிலனால்களை விட்டுச்செல்கிறது. பெயரளவில் இரண்டும் கண்ணாடிதான். நீரின் கணக்கில் அவை வேறு வேறு பரப்புகள்.

நீர் மேலிருந்து மட்டுமே வருகிறது என்ற எண்ணத்தையும் கைவிட வேண்டியிருக்கும். கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் (கால்டெக்) ஹீத் குழுவினர் 2010இல் அப்பிரகத்தின் (மைக்கா) மேல் கிராஃபீனைப் பரப்பி அணுவிசை நுண்ணோக்கியால் பார்த்தபோது, கிராஃபீனுக்கும் அப்பிரகத்துக்கும் இடையே நீர் சிறைப்பட்டிருப்பதைக் கண்டார்கள். அந்த முதல் அடுக்கின் உயரம் 0.37 நானோமீட்டர், பனிக்கட்டியின் ஓர் அடுக்குக்கு இணையானது. அறை வெப்பநிலையிலேயே அது தட்டையான, முகப்புகள் கொண்ட தீவுகளாக நின்றது. பின்னர் வேறொரு குழு, சிதறும் ஒளியை அளக்கும் ராமன் நிறமாலையால் ஆராய்ந்தபோது, அப்பிரகம் கிராஃபீனில் மின்துளைகளைச் சேர்ப்பதையும், இடையில் நீர் அடுக்கு இருக்கும் இடங்களில் அந்தச் சேர்க்கை தடைபடுவதையும் கண்டது. சிலிக்கான் டைஆக்சைடு மேல் விசையாக இருந்த அதே நீர், அப்பிரகத்தின் மேல் தடுப்புச் சுவராகிவிடுகிறது.

குறி மாறுவதைப் பற்றி ஒரு சொல். சிலிக்கான் கார்பைடின் மேல் வளர்க்கப்பட்ட ஒற்றை அடுக்குக் கிராஃபீனில், அடித்தளத்தோடு இணைந்த இடைப்படலம் எலக்ட்ரான்களைத் தருவதால், எலக்ட்ரான்களே மிகுதியான மின்னூட்ட ஊர்திகளாக இருக்கும். அங்கே நீர் ஏற்பியாகச் செயல்பட்டால் ஊர்திகள் குறைந்து மின்தடை உயரும். சிலிக்கான் டைஆக்சைடு மேல் காற்றில் கிடக்கும் கிராஃபீனில் மின்துளைகளே மிகுதி. அங்கே அதே நீர் ஊர்திகளைக் கூட்டி மின்தடையைக் குறைக்கும். நீர் செய்தது ஒன்றே. தொடக்கத்தில் கிராஃபீனை எந்தப் பக்கம் நிறுத்தி வைப்பது என்பதை அடித்தளம் முடிவு செய்துவிட்டது. ஆகவே வரைபடம் மேலே போகிறதா, கீழே போகிறதா என்பதை மட்டும் வைத்து, "நீர் கொடையாளி", "நீர் ஏற்பி" என்று எழுதிவிடாதீர்கள். இந்தத் துறையின் கட்டுரைகளில் நான் மிகுதியாகக் காணும் அவசரம் அதுவே.


பதில் 2
பதிந்தவர்: வெள்ளிப்பசை

அறுகோணம் அவர்களின் விளக்கம் கண்ணாடிக்குப் பொருந்தும். பாலிஇமைடும் காகிதமும் வேறு கதை. அவற்றில் நீர் பரப்போடு நிற்பதில்லை, உள்ளே போகிறது. அச்சிட்ட உணரிகளில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில், நீங்கள் சந்தித்தவற்றை நானும் ஒவ்வொன்றாகச் சந்தித்திருக்கிறேன்.

பாலிஇமைடு வெப்பத்தைத் தாங்கும், வேதிப்பொருள்களைத் தாங்கும் என்பதால் பலரும் அதை அசையாத பொருள் என்று நம்பிவிடுகிறார்கள். உண்மையில் அது நன்றாகவே நீரைக் குடிக்கும். 'கேப்டன்' (Kapton) என்ற வணிகப் பெயரில் பரவலாகப் புழங்கும் பாலிஇமைடுத் தாள், 50 விழுக்காடு ஒப்பு ஈரப்பதத்தில் தன் எடையில் ஏறக்குறைய 1.8 விழுக்காடும், ஒரு நாள் நீரில் மூழ்கிக் கிடந்தால் 2.8 விழுக்காடும் நீரை ஏற்கிறது. வணிகமுறை ஈரப்பத உணரிகள் சிலவற்றில் பாலிஇமைடே உணரும் பொருளாக இருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்! உங்கள் உணரியின் கீழே இன்னொரு உணரி கிடக்கிறது.

நீரைக் குடித்த தாள் விரிகிறது. ஒவ்வொரு விழுக்காடு ஈரப்பதத்துக்கும் பத்து லட்சத்தில் சுமார் 20 பங்கு நீளம் கூடுவதாகக் கொண்டால், 11இலிருந்து 75க்குப் போகும்போது 64 விழுக்காட்டு மாற்றம். நீளத்தில் ஏறக்குறைய 0.13 விழுக்காடு திரிபு. குறைபாடற்ற ஒற்றை அடுக்குக் கிராஃபீனுக்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால் உங்கள் படலம் ஒன்றன்மேல் ஒன்று படிந்த துணுக்குகளால் ஆனது. அதில் மின்னோட்டம் துணுக்கிலிருந்து துணுக்குக்குத் தாவித்தான் போக வேண்டும். தாள் விரிந்தால் துணுக்குகளின் மேற்படிவு குறையும், தாவும் இடங்கள் அருகும், மின்தடை உயரும். நீங்கள் கண்ட கூடுதல் உயர்வில் ஒரு பங்கு இந்த இயந்திர விளைவாகவே இருக்கக்கூடும். அரைமணி நேர நகர்வுக்கும் இதுவே பொருத்தமான விளக்கம்: நீர் 125 மைக்ரான் தாளுக்குள் ஊடுருவி முடியும்வரை விரிவும் முடியாது.

இதைச் சோதிப்பது மிக எளிது. ஊடுருவலுக்கான நேரம் தடிமனின் இருமடிக்கு ஏற்ப மாறும். 25 மைக்ரான் தாள் கடையில் கிடைக்கும். அதில் அதே மையைப் பூசி அளந்து பாருங்கள். நகர்வு ஏறக்குறைய 25 மடங்கு விரைவாக அடங்கினால், நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தது தாளின் கடிகாரத்தைத்தான். மாறாமல் நின்றால், தாமதம் படலத்துக்குள்ளேயே இருக்கிறது என்று பொருள்.

இனி காகிதம். வடிதாள் என்பது ஏறக்குறைய தூய செல்லுலோஸ். ஒவ்வொரு குளுக்கோஸ் அலகிலும் மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள் நீரை எதிர்பார்த்துக் காத்திருக்கின்றன. ஈரம் ஏறும்போது ஒரு பாதை, இறங்கும்போது வேறு பாதை என்பது செல்லுலோஸின் பிறவிக் குணம். நெசவாலைக்காரர்களுக்குப் பருத்தியில் இது பழைய செய்தி. உங்கள் வரைபடம் போன வழியில் திரும்பாததற்குக் கிராஃபீனைக் குறை சொல்ல வேண்டியதில்லை. அதற்கும் மேலாக, ஈரமான காகிதம் தானே மின்னோட்டத்தைக் கடத்தும். வறண்ட நிலையில் நல்ல காப்பானாக இருக்கும் காகிதத்தின் மின்தடை, ஈரப்பதம் ஏற ஏறப் பல பத்து மடங்குகளாகச் சரியும். ஏனென்றால் இழைகளின் மேல் தொடர்ச்சியான நீர்ப்படலம் உருவாகி, அதில் அயனிகள் நகரத் தொடங்குகின்றன. அப்போது உங்கள் மின்முனைகளுக்கு இடையே இரண்டு பாதைகள் பக்க இணைப்பில் இருக்கின்றன: ஒன்று கிராஃபீன் வழி, மற்றொன்று ஈரக் காகிதத்தின் வழி. 53 வரை முதல் பாதை ஆள்கிறது. 75க்கு மேல் இரண்டாவது ஆளத் தொடங்குகிறது. 97இல் நீங்கள் அளந்தது பெரும்பாலும் காகிதத்தைத்தான் என்று நான் ஊகிக்கிறேன்.

ஆகவே உங்கள் முதல் வேலை, மை பூசாமல், மின்முனைகளை மட்டும் இட்ட மூன்று வெற்று அடித்தளங்களை அதே ஐந்து கலன்களிலும் அளப்பது. செலவு ஒன்றும் இல்லை. இந்தக் கட்டுப்பாட்டுச் சோதனை இல்லாமல் வெளியாகும் காகித உணரி வரைபடங்களை நான் நம்புவதில்லை.

இரண்டாவது வேலை, நேர்மின்னோட்டத்தோடு நின்றுவிடாமல் மாறுமின்னோட்டத்திலும் அளப்பது. எலக்ட்ரான்களும் மின்துளைகளும் சுமக்கும் மின்னோட்டம் அதிர்வெண்ணைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படாது. அயனிகள் சுமப்பது அப்படியன்று. நேர்மின்னழுத்தத்தில் அவை மின்முனைகளுக்கு அருகே குவிந்துவிடுவதால் மின்னோட்டம் நேரத்தோடு தேயும், அதிர்வெண்ணை மாற்றினால் மின்மறுப்பும் (மாறுமின்னோட்டத்துக்கு உள்ள மொத்தத் தடை) கட்டக் கோணமும் (மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் இடையிலான முன்பின் வேறுபாடு) தெளிவாக மாறும். விலையுயர்ந்த மின்மறுப்புப் பகுப்பாய்வி தேவையில்லை. 100 ஹெர்ட்ஸ், 1 கிலோஹெர்ட்ஸ், 10 கிலோஹெர்ட்ஸ் என மூன்று அதிர்வெண்களில் அளக்கும் கைக்கருவியே இந்தக் கேள்விக்குப் போதும்.


மறுமொழி
பதிந்தவர்: ஈரக்காற்று

இருவருக்கும் நன்றி. நீங்கள் சொன்ன வெற்று அடித்தளச் சோதனையை இவ்வளவு நாள் செய்யாமல் விட்டது எனக்கே வருத்தமாக இருக்கிறது. இந்த வாரமே தொடங்குகிறேன். ஓர் ஐயம் மட்டும் எஞ்சி நிற்கிறது. கிராஃபீன் ஆக்சைடு படலங்களைப் பற்றிப் படிக்கும்போது, நீர் அடுக்குகளுக்கு இடையே நுழைந்து இடைவெளியை விரிப்பதையே எல்லோரும் காரணமாகச் சொல்கிறார்கள். அடித்தளத்தைப் பற்றிய பேச்சே அங்கே வருவதில்லை. என் பொருள் ஒடுக்கப்பட்டது என்றாலும் ஆக்சிஜன் முழுவதும் போய்விடவில்லை. அப்படியானால் என் படலம் எந்தப் பக்கம் சேரும்?


பதில் 3
பதிந்தவர்: படலம்

இந்த ஐயம் சரியானது. மேலே உள்ள இரு பதில்களையும் அப்படியே ஏற்றுக்கொண்டால், எல்லாவற்றுக்கும் அடித்தளமே காரணம் என்ற முடிவுக்குப் போய்விடும் ஆபத்து இருப்பதால் இதை எழுதுகிறேன்.

அறுகோணம் விவரித்த மின்புல விளைவு ஓர் அணு தடிமனுக்கு உரியது. கிராஃபீனில் உள்ள ஊர்திகளே புலத்தை மறைத்துவிடுவதால், ஒன்றிரண்டு அடுக்குகளைத் தாண்டினால் அடித்தளக் குறைபாடுகளின் குரல் மேலே கேட்பதில்லை. தெளித்துப் பூசிய உங்கள் படலம் நூற்றுக்கணக்கான அடுக்குகள் கொண்டதாக இருந்தால், கண்ணாடியின் சிலனால்கள் கீழே உள்ள சில அடுக்குகளை மட்டுமே நேரடியாக ஆள முடியும். எஞ்சிய மின்னோட்டம் முழுவதும் அவற்றுக்கு மேலே ஓடுகிறது.

முழு ஆக்சைடை எடுத்துக்கொண்டால், நீரின் வீடு படலத்துக்குள்ளேயே இருக்கிறது. வறண்ட நிலையில் 0.6 அல்லது 0.7 நானோமீட்டர் அளவில் இருக்கும் அடுக்கிடைவெளி, ஈரத்தில் 1 நானோமீட்டர் அளவுக்கு விரிகிறது. ஹீலியத்தையே தடுத்து நிறுத்தும் அந்தப் படலத்தின் வழியே நீராவி தடையின்றிக் கடந்துபோவதை மான்செஸ்டர் குழு 2012இல் காட்டியது. உள்ளே நுழைந்த நீர், ஆக்சிஜன் தொகுதிகளோடு ஹைட்ரஜன் பிணைப்புச் சங்கிலி அமைத்து, புரோட்டான்கள் ஒரு மூலக்கூறிலிருந்து அடுத்ததற்குத் தாவ வழி செய்கிறது. அதனால்தான் ஆக்சைடின் மின்மறுப்பு ஈரத்தில் பெரும் அளவுக்குச் சரிகிறது. நோக்கியா ஆய்வுக்கூடத்தினர் 2013இல் சுமார் 15 நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்சைடு படலத்தில் 30 மில்லிநொடி அளவிலான துலங்கலைக் காட்ட முடிந்ததற்கு, படலம் அவ்வளவு மெல்லியதாக இருந்ததே காரணம். உங்கள் பொருள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: இடைவெளி விரிந்து துணுக்குகளுக்கிடையே தாவல் கடினமாவதால் மின்தடை உயரும், எஞ்சிய ஆக்சிஜன் தொகுதிகளில் நீர்ச் சங்கிலி அமைந்தால் குறையும். எது வெல்லும் என்பது எவ்வளவு ஒடுக்கினீர்கள் என்பதைப் பொறுத்தது.

அதற்காக அடித்தளத்தை மறந்துவிடச் சொல்லவில்லை. அது தலையிடும் வழிதான் வேறு. நீர் புகாத கண்ணாடியின் மேல் இருக்கும் படலத்துக்கு ஈரம் மேல்முகத்தின் வழியே மட்டுமே வரும். துளைகள் நிறைந்த காகிதத்தின் மேல் இருப்பதற்கு இரு முகங்களின் வழியேயும் வரும். ஊடுருவும் தொலைவு பாதியானால் நேரம் கால் பங்காகிறது. மேலும் படலம் அடித்தளத்தோடு இறுகப் பற்றியிருந்தால் பக்கவாட்டில் விரிய முடியாமல் மேல்நோக்கி மட்டுமே உப்பும்.

ஆனால் நான் முதன்மையாகச் சொல்ல வந்தது வேறு. மூன்றின் மேலும் "ஒரே படலம்" இருப்பதாக நீங்களும், பதில் எழுதிய இருவரும் எடுத்துக்கொண்டீர்கள். ஒரே மை என்பது ஒரே படலம் ஆகாது. கண்ணாடியில் துளி பரவி, உலரும்போது துணுக்குகளை விளிம்புக்கு இழுத்துச்சென்று காப்பிக் கறைபோல் வளையமாகப் படியவைக்கும். பாலிஇமைடில் துளி திரண்டு நின்று திட்டுத்திட்டாகக் காயும். காகிதத்தில் நீர் உடனே உறிஞ்சப்பட்டு, துணுக்குகள் இழைகளைச் சுற்றிக்கொள்ளும். அதாவது அடித்தளம் இருமுறை தலையிடுகிறது. உலரும்போது ஒருமுறை படலத்தை வடிவமைக்கிறது, பின்பு அளக்கும்போது மறுமுறை குறுக்கிடுகிறது. முதல் தலையீட்டை விலக்காமல் இரண்டாவதைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

விலக்குவதற்கு வழி உண்டு. மையைச் செல்லுலோஸ் எஸ்டர் வடிசவ்வின் மேல் வெற்றிட வடிகட்டலால் படியவையுங்கள். வடிகட்டிய கன அளவும் செறிவும் தெரிந்தால் தடிமன் தானே கட்டுக்குள் வந்துவிடும். பிறகு சவ்வைத் துண்டுகளாக வெட்டி, படலம் கீழே படும்படி கண்ணாடியிலும் பாலிஇமைடிலும் அழுத்தி ஒட்டி, சவ்வை அசிட்டோனில் கரைத்து நீக்குங்கள். ஒரே தாயிடமிருந்து பிறந்த துண்டுகள் இப்போது வேறு வேறு அடித்தளங்களில் இருக்கும். காகிதத்துக்கு இந்த முறை சரிவராது. அசிட்டோனில் கரைந்த சவ்வு இழைகளுக்குள் தங்கிவிடும். காகிதத்தைத் தனி ஆய்வாக வைத்துக்கொள்வதே நல்லது.


மறுமொழி
பதிந்தவர்: ஈரக்காற்று

மூன்று வாரங்களுக்குப் பிறகு, செய்து முடித்தவற்றைப் பதிகிறேன்.

வெற்று அடித்தளங்களை முதலில் அளந்தேன். கண்ணாடி, பாலிஇமைடு இரண்டிலும் 75 வரை என் கருவியால் அளக்க முடியாத அளவுக்கு மின்தடை மிகுந்திருந்தது. கழுவாத கண்ணாடியில் மட்டும் 97இல் சிறு கசிவு தெரிந்தது. சோடியம் அயனிகளைப் பற்றி அறுகோணம் எழுதியதை அது நினைவுபடுத்தியது. வெற்று வடிதாளோ 97இல் மை பூசிய தாளோடு ஒப்பிடத்தக்க அளவுக்குக் கடத்தியது. வெள்ளிப்பசை அவர்களின் ஊகம் சரி. நேர்மின்னழுத்தத்தை விடாமல் வைத்திருந்தபோது அந்த மின்னோட்டம் சில நிமிடங்களில் தேய்வதையும் கண்டேன். நான் உணரி என்று பெருமையோடு காட்டிய வரைபடத்தின் வலது பாதி காகிதத்துடையது என்று வழிகாட்டியிடம் சொல்லிவிட்டேன்.

25 மைக்ரான் பாலிஇமைடில் நகர்வு மிக விரைவாக அடங்கியது. சரியாக 25 மடங்கு என்று சொல்ல என் கலனின் வேகம் இடம் கொடுக்கவில்லை. கலனைத் திறந்து மூடும்போதே ஒரு நிமிடம் போய்விடுகிறது. ஆனால் அடங்கிய பிறகும் கண்ணாடியை விடக் கூடுதலான உயர்வு எஞ்சி நிற்கிறது.

வடிசவ்வு வழியாகப் படலத்தை மாற்றும் முறையில் முதல் நான்கு முயற்சிகள் கிழிந்து போயின. ஐந்தாவதில் ஒரே படலத்தின் இரு துண்டுகள், அமிலத்தில் கழுவிய கண்ணாடியிலும், ஹெக்சாமெத்தில்டைசிலசேன் ஆவியில் வைத்து நீர்வெறுக்கச் செய்த கண்ணாடியிலும் ஒழுங்காக ஒட்டின. இவற்றுக்கிடையே துலங்கலில் வேறுபாடு இருக்கிறது. ஆனால் தெளித்துப் பூசியபோது கண்டதைவிட மிகச் சிறியது. முன்பு நான் கண்ட வேறுபாட்டில் பெரும்பகுதி, உலரும்போது படலம் வெவ்வேறாக அமைந்ததால் வந்தது என்றே இப்போது எண்ணுகிறேன். ஒரே ஒரு இணைத் துண்டை வைத்துக்கொண்டு இதை முடிவாக எழுத மாட்டேன். இன்னும் ஆறு இணைகளாவது செய்ய வேண்டும்.

பாலிஇமைடில் எஞ்சும் உயர்வுக்குத் திரிபுதான் காரணமா, அல்லது தாளுக்குள் இருக்கும் நீர் படலத்தின் அடிமுகத்தை ஈரமாக்குவது காரணமா என்பதை எப்படிப் பிரிப்பது?


பதில் 4
பதிந்தவர்: வெள்ளிப்பசை

மிக நல்ல வேலை. கிழிந்த நான்கைப் பற்றி வருந்த வேண்டாம். சவ்வை அசிட்டோனில் நேராக மூழ்கவைக்காமல் முதலில் அசிட்டோன் ஆவியில் சற்று நேரம் வைத்திருந்தால், படலம் பரப்போடு பற்றிக்கொண்ட பிறகு கரைசலைத் தாங்கும்.

கேட்டதற்கு இரண்டு சோதனைகள். முதலாவது, ஈரப்பதத்தைத் தொடாமல் திரிபை மட்டும் கொடுப்பது. பூசிய தாளை லித்தியம் குளோரைடு கலனின் வறட்சியிலேயே வைத்து, வெவ்வேறு விட்டமுள்ள கண்ணாடிக் குழாய்களின் மேல், படலம் வெளிப்புறம் இருக்குமாறு வளைத்து அளவிடுங்கள். தாளின் தடிமனைக் குழாயின் விட்டத்தால் வகுத்தால் மேற்பரப்பின் திரிபு ஏறக்குறையக் கிடைத்துவிடும். 25 மைக்ரான் தாளைச் சுமார் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் சுற்றினால் 0.125 விழுக்காடு, 11இலிருந்து 75க்குப் போகும்போது ஈரத்தால் வரும் விரிவும் அதே அளவுதான். அந்த வளைவில் மின்தடை எவ்வளவு உயர்கிறது என்பதை, ஈரத்தில் எஞ்சிய உயர்வோடு நேருக்கு நேர் ஒப்பிடலாம்.

இரண்டாவது, அடிமுகத்தின் வழியே வரும் நீரை மட்டும் நிறுத்துவது. மின்முனைப் பக்கத்தை விட்டுவிட்டு, தாளின் பின்புறம் முழுவதும் அலுமினியத் தகடு ஒட்டிய நாடாவால் மூடுங்கள். விளிம்புகளையும் மடித்து மூடுவது முக்கியம். திறந்த விளிம்பு வழியே நீர் நுழைந்தால் சோதனைக்குப் பொருளில்லை. நாடா தாளின் விரிவையும் ஓரளவு கட்டிப்போடும் என்பதால், இந்த இரண்டாவது முடிவை முதலாவதோடு சேர்த்து மட்டுமே படியுங்கள்.

அளவுகளைப் பதியும்போது தாளின் தடிமன், கழுவிய முறை, படலம் பூசப்பட்டதா மாற்றி ஒட்டப்பட்டதா, உலர்ந்த பிறகு எத்தனை நாள் காற்றில் கிடந்தது ஆகிய நான்கையும் ஒவ்வொரு வரைபடத்தின் கீழும் எழுதிவையுங்கள். நான்காவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் 2013இல் காட்டியபடி, செம்பின் மேல் புதிதாக வளர்த்த கிராஃபீனில் 44 டிகிரியாக இருந்த நீரின் சேர்கோணம் (துளி பரப்பைத் தொடும் இடத்தில் அமையும் கோணம்; அது கூடினால் பரப்பு நீரை வெறுக்கிறது என்று பொருள்), காற்றில் மிதக்கும் ஹைட்ரோகார்பன்கள் படிந்ததால் ஒரே நாளில் 80 டிகிரிக்கு ஏறிவிட்டது. உங்கள் ஆறு இணைகளையும் ஒரே வயதில் அளக்கும்படி நாட்களை இப்போதே வகுத்துக்கொள்ளுங்கள்.